கிறித்தவக் கோட்பாட்டில் கடவுள் இயல்பு: திணை, பால், எண் வழியாக ஒரு விளக்கம்

கிறித்தவ சமயத்தார் கடவுள் ஒருவரே என்பர். அவ்வொருவரையே தந்தை, மகன், தூய ஆவி என மூவராகவும் போற்றுவர். இவ்விரு கூற்றும் ஒருங்கே எங்ஙனம் பொருந்தும் என்னும் வினா தமிழ் பயில்வார் பலருக்கும் எழுவதுண்டு. தேம்பாவணியையோ இரட்சணிய யாத்திரிகத்தையோ பாடமாகக் கற்கும் முதுகலை மாணவர் இவ்விடத்தை அடைந்ததும், இஃது அயன், அரி, அரன் என்னும் மும்மூர்த்திக் கொள்கையின் மற்றொரு வடிவம் போலும் எனக் கொண்டு மேற்செல்வர். வேறு சிலர், மூன்றை ஒன்று என்பது கணக்கறியாதார் கூற்று எனத் தள்ளுவர். இரு சாராரும் கோட்பாட்டைக் காணாமலே கடந்து விடுகின்றனர். அக்கோட்பாடு எதனை ஒன்று என்கிறது, எவரை மூவர் என்கிறது என்பதனைத் திணை, பால், எண் என்னும் நம் இலக்கண வாயிலாக அணுகினால் தெளிவு பிறக்கும் என்பது எம் கருத்து. அதனையே ஈண்டு விளக்க முயல்கின்றோம்.

முதற்கண் பெயரைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். ஏனெனில் தமிழ்க் கிறித்தவத்தில் கடவுள் இயல்பு பற்றிய வாதம் பெரும்பாலும் பெயரைப் பற்றிய வாதமாகவே நடந்துள்ளது. முத்துக்குளித்துறையிற் பணி செய்த அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட சிறு நூல் தம்பிரான் வணக்கம் என்னும் பெயருடையது. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் என்னும் இராபர்ட் தெ நொபிலி, சர்வேசுரன் என்னும் சொல்லைத் தம் உரைநடை நூல்களில் நிலைநிறுத்தினார். 18ஆம் நூற்றாண்டில் விவிலியம் முழுமையும் பெயர்த்த பப்பிரிசியார் பராபரன் என்றார். 1871இல் வெளிவந்து இன்றளவும் சீர்திருத்தச் சபையாரிடம் பெருவழக்காய் உள்ள ஐக்கிய மொழிபெயர்ப்புத் தேவன் என்பதைக் கொண்டது. 20ஆம் நூற்றாண்டில் லார்சன், மோனகன் ஆகியோர் காலத்துத் திருத்தப் பதிப்பும், 1995இல் கத்தோலிக்கரும் பிறரும் கூடிப் பதிப்பித்த திருவிவிலியமும் கடவுள் என்னும் சொல்லை ஆண்டன. ஒவ்வொரு மாற்றத்தின் போதும் பழைய சொல்லைப் பழித்தும் புதிய சொல்லை ஐயுற்றும் எழுந்த பூசல் சிறிதன்று. பழகிய பெயரை விட்டால் வணங்கும் பொருளே மாறிவிடும் என அஞ்சினோரும் இருந்தனர்.

இப்பெயர் வரிசையை நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். தம்பிரான், சர்வேசுரன், பராபரன், தேவன் என்னும் நான்கும் னகர ஈற்று ஆண்பாற் பெயர்கள். கடவுள் என்பது ஒன்றே பால்காட்டும் ஈறு பெறாதது. தெய்வத்தைச் சுட்டும் பெயர்களுக்குப் பால் உணர்த்தும் ஈறு தமக்கென இல்லை எனவும், அவை உயர்திணை வினை கொண்டு பால் பிரிந்து இசைக்கும் எனவும் தொல்காப்பியர் கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே கூறுகின்றார். கடவுள் என்பது அவ்விதிக்கு நேர் இலக்கியமாக நிற்கும் சொல். சங்கப் பாடல்களில் அது மலையிலும் மரத்திலும் மன்றிலும் உறையும் எத்தெய்வத்தையும் குறிக்கும் பொதுப்பெயராக வழங்கிற்று. திருக்குறளின் முதலதிகாரம் கடவுள் வாழ்த்து எனப் பெயர் பெற்றிருப்பினும், குறட்பாக்களுக்குள் அச்சொல் வரவில்லை. இறைவன் என்பதே வருகின்றது. எல்லாவற்றையும் கடந்தும் எல்லாவற்றுள்ளும் நிற்பவர் எனக் கட, உள் என்னும் இரண்டாகப் பிரித்துப் பொருள் கூறுவது மேடையில் இனிக்கும். இயவுள் என்னும் சொல்லோடு ஒப்பிடுவார் உள் என்பதனை ஈறாகவே கொள்ளக்கூடும். சொற்பிறப்பின் மேல் இறைநூற் கொள்கையைக் கட்டுதல் எம் வழியன்று.

ஆண்பால் ஈறு பெற்ற பெயர் கிறித்தவக் கோட்பாட்டை ஒரு வகையில் காத்தது. சீகன்பால்கு 1713இல் எழுதி முடித்த தென்னிந்தியக் கடவுளர் மரபுவழி பற்றிய செருமானிய நூலில், தமிழர் யாவற்றிற்கும் மேலாக வைக்கும் முழுமுதலைப் பராபரவஸ்து என்னும் பெயரால் முதற்கண் நிறுத்துகின்றார். அவர் கண்டறிந்த செய்தியை ஏற்று அச்சிடும் மனம் அன்றைய ஐரோப்பிய மேலாளருக்கு இல்லை. அந்நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறிற்று. பராபரவஸ்து என்பது அஃறிணை. தாயுமானார் பராபரமே என விளிப்பதும் அஃறிணையே. பப்பிரிசியார் அதே அடியை எடுத்து பராபரன் என ஆக்கியபோது ஈற்றெழுத்து மட்டுமே மாறியதாகத் தோன்றும். ஆயினும் அது எனச் சுட்டப்பட்டது அவன் எனச் சுட்டப்பட்டது. தமிழ்ச் சமய மரபு முழுமுதலை அது எனவும் அவன் எனவும் இருவகையாலும் கூறத் தயங்கியதில்லை. பரம்பொருள், மெய்ப்பொருள், பரம் என்பன ஒருபுறம். இறைவன், ஆண்டவன், பெருமான் என்பன மறுபுறம். இவ்விரு வழக்கையும் ஒரு புலவரே ஒரு பாட்டிலேயே ஆள்வதைக் காண்கின்றோம். கிறித்தவ மூவொரு கோட்பாடு விளங்குவதற்கு இவ்விரு வழக்கும் வேண்டும். உயர்திணை ஒன்றே போதாது.

அதற்குக் காரணம் காண 4ஆம் நூற்றாண்டுக்குச் செல்லல் வேண்டும். எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவில் ஆரியு என்னும் குரு, மகன் தந்தையால் உண்டாக்கப்பட்டவர், ஆதலின் அவருக்குத் தொடக்கம் உண்டு எனக் கற்பித்தார். படைப்புகளுள் தலையாயவர், ஆயினும் படைப்பே என்பது அவர் கொள்கை. இதனை மறுத்து 325இல் நிக்கேயாவிற் கூடிய ஆயர் பேரவை, மகன் பிறப்பிக்கப்பட்டவரேயன்றிப் படைக்கப்பட்டவர் அல்லர் எனவும், தந்தையோடு ஒரே ஊசியா உடையவர் எனவும் அறுதியிட்டது. ஊசியா என்னும் கிரேக்கச் சொல், ஒன்று எதுவாக உள்ளதோ அதனைக் குறிப்பது. தமிழில் இதனைப் பொருள் எனவும் தன்மை எனவும் பெயர்த்துள்ளனர். இவ்விரண்டனுள் பொருள் என்பதே சிறந்தது என்போம். உடன்பிறந்தார் இருவர் ஒரு தன்மையர் ஆகலாம்; ஆயினும் அவர் இரு பொருள்களே. நிக்கேயா கூற வந்தது அதனினும் மிக்க ஒருமை. அப்பேரவைக்குப் பின் அரை நூற்றாண்டு நடந்த போராட்டத்தில், ஒரே ஊசியா என்பதற்கு மாறாக ஒத்த ஊசியா என ஓரெழுத்தைக் கூட்டி அமைதி காண முயன்றோரும் உளர். கிரேக்கத்தில் ஓரெழுத்து வேறுபாடு. தமிழில் ஒரே, ஒத்த என்னும் இரு சொற்களின் வேறுபாடு. ஆயர் பலர் இதன்பொருட்டு நாடு கடத்தப்பட்டனர். அத்தனாசியார் மட்டும் ஐந்து முறை தம் இருக்கையை விட்டு அகற்றப்பட்டார்.

ஒன்று எது என்பது இங்ஙனம் உறுதியாயிற்று. மூவர் எவர் என்பதற்குச் சொல் வேண்டியிருந்தது. கிரேக்கர் ஹுப்போஸ்டாசிஸ் என்றனர். கீழ்நின்று தாங்குவது என்பது அதன் சொற்பொருள். இலத்தீனர் பெர்சோனா என்றனர். அது நாடக மேடையில் அணியும் முகமூடிக்கும் பெயராயிருந்த சொல். இலத்தீனர் ஊசியாவுக்குப் பெயராகக் கொண்ட சுப்ஸ்தான்சியா என்பதோ, உறுப்புக்கு உறுப்பு நோக்கின் ஹுப்போஸ்டாசிஸ் என்பதன் நேர் பெயர்ப்பு. எனவே, மேற்கே ஒன்று என்றது கிழக்கே மூன்று என்றதையே மறுப்பது போல ஒலித்தது. கிழக்கே மூன்று என்றது மேற்கே மூன்று கடவுளர் எனக் கேட்டது. 362இல் அலெக்சாந்திரியாவில் அத்தனாசியார் கூட்டிய மன்றம், இரு வழக்காரையும் தனித்தனியே வினவி, சொல் வேறாயினும் கருத்து ஒன்றே எனக் கண்டு இருவரையும் ஏற்றது. மொழிபெயர்ப்பு வரலாற்றில் இத்துணைப் பெருந்தன்மை அரிது. பிற்காலத்து அகுஸ்தீனார், மூன்று பெர்சோனா என்பது அதனை முற்றக் கூறிவிட்டதாகக் கருதியன்று, வாளா இருத்தல் ஆகாமையின் கூறியது என்னும் கருத்துப்பட எழுதினார். தமிழ்க் கலைச்சொற்கள் குறையுடையன என வருந்துவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

தமிழில் பழைய ஞானோபதேச நூல்கள் பெர்சோனாவை ஆள் என்றன. பின்னர் ஆள்தத்துவம் என நீட்டினர். ஆள் என்னும் சொல் தமிழில் இரு திசை நோக்குவது. பத்தி இலக்கியத்தில் ஆள் என்பது அடியவன். ஆட்செய்தல், ஆட்கொள்ளுதல், ஆளாதல் என்னும் வழக்குகளை நோக்குக. ஆள்பவன் இறைவன், ஆளாவான் உயிர். அடியவனைக் குறித்த சொல்லே இங்கு இறைமையின் மூவரையும் குறிக்க வந்தது. எனினும் இச்சொல்லிற்கு ஒரு சிறப்புண்டு. அது உயர்திணை, பால் ஈறு அற்றது, முகமூடி என்னும் இழிபொருள் அதனிடம் இல்லை. மூன்று ஆள் எனக் கேட்கும் தமிழர் ஒருவர் மூன்று வேடம் எனக் கருதார். ஆனால் மூன்று மனிதரைப் போல மூன்று தனித்தனி உயிர் எனக் கருதக்கூடும். இலத்தீனர்க்கு ஓர் இடர். நமக்கு அதன் மறுதலை.

இப்பொழுது எண்ணையும் திணையையும் சேர்த்து நோக்குவோம். யோவான் நற்செய்தியின் 10ஆம் இயலில் இயேசு தமக்கும் தந்தைக்கும் உள்ள ஒருமையைக் கூறும் இடம் ஒன்றுண்டு. அங்கே ஒன்று என்பதற்குக் கிரேக்கம் ஆண்பாற் சொல்லை ஆளாது பொதுப்பாற் சொல்லை ஆள்கிறது. நம் இலக்கணப்படி கூறின், ஒருவர் என்னாது ஒன்று என்கிறது. வினையோ தன்மைப் பன்மை. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெர்த்துல்லியன் இதனைச் சுட்டி, பன்மை வினை இருவரைக் காட்டும், அஃறிணை ஒருமை அவர்தம் பொருளொருமையைக் காட்டும் என வாதித்தார். தமிழ் மொழிபெயர்ப்புகள் ஒன்றாய் என்னும் அஃறிணைச் சொல்லையும் தன்மைப் பன்மை முற்றையும் கொண்டு இவ்வமைப்பை அப்படியே காத்துள்ளன. ஆங்கிலம் போன்ற மொழிகளில் இந்நுட்பம் ஒரே சொல்லுள் மறைந்து விடுகின்றது. ஒருவன், ஒருத்தி, ஒருவர், ஒன்று எனப் பிரித்துணரும் தமிழனுக்கு விளக்கமே வேண்டா.

இவ்விடத்தே ஒரு தடையும் கூறல் வேண்டும். ஒன்றாய் என்பது தமிழில் சேர்ந்து, கூடி என்னும் பொருளும் தரும். இருவர் ஒன்றாக வந்தனர் என்றால் அவர் பொருளால் ஒன்று என்பது பொருளன்று. ஆரியுவைச் சார்ந்தோர் இவ்விடத்தைக் கொண்ட விதமும் இதுவே: இருவர்தம் உள்ளம் ஒத்தது, செயல் ஒத்தது, அவ்வளவே என்றனர். ஆகவே தமிழ்த்தொடர் நிக்கேயாவின் பக்கமும் சாயும், ஆரியுவின் பக்கமும் சாயும். மூலமும் அத்தகையதே, அதனாற்றான் வாதம் நடந்தது.

இதனினும் வியத்தற்குரியது அதே நற்செய்தியின் முதல் இயல். அங்கே மகன், லோகோஸ் என்னும் சொல்லாற் குறிக்கப்படுகின்றார். கிரேக்கத்தில் லோகோஸ் ஆண்பாற் சொல்; அதனை இவர் எனச் சுட்டுவதில் இடர் இல்லை. தமிழிலோ ஐக்கிய மொழிபெயர்ப்பு ஆளும் வார்த்தையும், திருவிவிலியம் ஆளும் வாக்கும் அஃறிணை. இரு மொழிபெயர்ப்புகளும் முதல் வசனத்தில் அஃறிணை முற்றே கொடுத்து, இரண்டாம் வசனத்தில் அவர் எனச் சுட்டி உயர்திணை முற்றுக்கு மாறுகின்றன. தொடர்ந்து படிப்போர் இதனை உணராமலே படித்துச் செல்வர். இலக்கணம் கற்றவர்க்கு இது திணை வழு. காரணம் பற்றி அமைத்துக் கொள்ளப்படும் வழுவமைதி எனக் கொண்டால், அக்காரணம் யாது? உயிரற்றதை உயர்த்தி உயர்திணையாக்கும் செய்யுள் மரபு அன்று இது. பொருளால் நோக்கும்போது அது. ஆளால் நோக்கும்போது அவர். மொழிபெயர்த்தோர் இதனை எண்ணிச் செய்தனரோ, வாக்கிய இயல்பு அவரை அவ்வழி செலுத்திற்றோ, கோட்பாட்டின் உயிர்நிலை அவ்விரு முற்றுகளுக்கு இடையே அமைந்துள்ளது.

தூய ஆவியைப் பற்றியும் இதே நிலை. எபிரேயத்தில் ஆவியைக் குறிக்கும் ரூவாஹ் பெரும்பாலும் பெண்பால், கிரேக்கத்தில் பொதுப்பால், இலத்தீனில் ஆண்பால். யோவான் நற்செய்தியின் 16ஆம் இயலில் ஆவியை ஆண்பாற் சுட்டினாற் குறித்திருத்தல், அவர் ஆள் என்பதற்குச் சான்று எனச் சிலர் கூறுவர். அச்சுட்டு முன்வந்த துணையாளர் என்னும் ஆண்பாற் பெயரையே தழுவியது எனக் கிரேக்க இலக்கணம் வல்லார் கூறுவது மிகப் பொருத்தம். தமிழில் ஆவி என்பது மூச்சும், உயிரும், நீர் காய்ந்தெழும் புகையும் ஆம், எவ்வகையானும் அஃறிணை. கத்தோலிக்கர் நெடுங்காலம் இஸ்பிரீத்து சாந்து எனப் போர்த்துக்கேசிய ஒலியையே வைத்திருந்தனர். பொருள் விளங்காவிடினும் அஃறிணை இடர் அவர்க்கு எழவில்லை. சீர்திருத்தச் சபையார் ஆவியானவர் எனக் கூறினர். ஆவி என்னும் அஃறிணைப் பெயரோடு ஆனவர் என்னும் வினையாலணையும் பெயரை ஒட்டி உயர்திணையாக்கிய இவ்வாக்கம் எளியது. ஆயினும் தமிழ்க் கிறித்தவ உரைநடையின் சிறந்த படைப்புகளுள் ஒன்றாக அதனைக் கருதுகின்றோம். எது, எவர் என்னும் இரண்டையும் அது ஒரு சொல்லுக்குள் வைத்துவிடுகிறது. நிக்கேயா அறிக்கையைப் பெயர்த்தோர் பொருளானவர் எனக் கூறுவதும் இம்முறையே.

மும்மூர்த்திக் கொள்கையோடு ஒப்பிடுவார்க்கு இனி விடை கூறலாம். அயன் படைப்பான், அரி காப்பான், அரன் அழிப்பான் என அங்கே தொழிலால் வேறுபாடு. கிறித்தவத்தில் தந்தை படைத்தார், மகன் மீட்டார், ஆவியார் தூய்மை செய்கிறார் எனச் சிறுவர்க்குக் கற்பிப்பதுண்டு. எனினும் அகுஸ்தீனார் முதலாக வகுத்த நெறி, உலகை நோக்கிச் செய்யும் செயல் எதுவும் மூவர்க்கும் பொது என்பது. தொழில் மூவரைப் பிரிக்காது. பனிக்கட்டி, நீர், நீராவி என்னும் உவமையும் பள்ளிகளில் பெருவழக்கு. ஒரே பொருள் மூன்று நிலையில் தோன்றும் என அது கூறுவதால், 3ஆம் நூற்றாண்டில் சபெல்லியு என்பார் பெயரால் அறியப்பட்டுத் திருச்சபை தள்ளிய கொள்கையையே அது கற்பிக்கின்றது. ஆசிரியர் பலர் இதனை அறியார்.

தொழிலும் வேறுபடுத்தாது, நிலையும் வேறுபடுத்தாது எனின் மூவரை வேறுபடுத்துவது எது? முறை ஒன்றே. நசியான்சு நகரத்துக் கிரகோரியார், தந்தை என்பது பொருளின் பெயருமன்று, தொழிலின் பெயருமன்று, ஒருவர்க்கொருவர் உள்ள உறவின் பெயர் என விளக்கினார். இதனை நாம் உரை வேண்டாமலே உணர்வோம். ஏனெனில் தொல்காப்பியர் முறைப்பெயர் என ஒரு பெயர்வகையைத் தனித்து ஓதியிருக்கின்றார். தந்தை என்பது குணப்பெயர் அன்று. மகன் இன்றித் தந்தை இல்லை. மகன் என்பவர் ஒரு காலத்தில் இல்லாதிருந்து பின் தோன்றினார் எனின், தந்தையும் ஒரு காலத்தில் தந்தையல்லாதிருந்தார் என்பது போதரும். ஆரியுவுக்கு எதிராக அத்தனாசியார் திரும்பத் திரும்பக் கூறியது இதுவே. கடவுள் அன்பாயிருக்கின்றார் என யோவான் முதல் திருமுகம் கூறுவதையும் இந்நெறியில் பொருள்கொண்டனர். உலகம் தோன்றுமுன் கடவுள் எவரை நேசித்தார்? தனித்திருந்த ஒருவர் ஆயின் அன்பு அவர்க்கு உலகம் வந்தபின் வந்த குணமாகும். உறவு அவர்தம் இயல்பினுள்ளேயே உண்டு எனின் அன்பும் இயல்பேயாகும். கிறித்தவர் மூவொருமையை விடாது பற்றியிருப்பதன் உட்காரணம் இது என நாம் கருதுகின்றோம்.

சைவர் இதற்கு உடன்படார். மெய்கண்டார் சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவில் உலகத்தை ஆண், பெண், அஃறிணைச் சுட்டுகளாற் பகுத்து, அங்ஙனம் சுட்டப்படுவது தோன்றி நின்று அழிவது எனக் காட்டுகின்றார். அந்நெறியில் சுட்டறிவுக்கு எட்டுவது உலகமே, இறைவன் சுட்டிறந்தவன். பிறப்பிலியாகிய சிவனுக்கு மகன் என்னும் முறையும், தாய் வயிற்றுப் பிறப்பும் எவ்வாறு இயையும் என்னும் தடையை 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் சைவ நூலோர் வன்மையாக எழுப்பினர். அவருள் தலைநின்ற ஆறுமுக நாவலர், முன்னர்ப் பெர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பிற் பணிசெய்தவர். தாம் மறுத்ததைச் சொல் சொல்லாக அறிந்து மறுத்தவர். அத்தடைக்குக் கிறித்தவர் அவதாரம் என்னும் வைணவச் சொல்லால் விடையிறுத்தது போதிய விடையாகாது. வேங்கல் சக்கரையார் அச்சொல்லையே ஏற்று, ஆயினும் ஏனைய அவதாரங்கள் பணி முடிந்ததும் நீங்கின, இயேசுவிடத்து இறைமை எடுத்த மனிதமோ நீங்காது நிலைத்தது என வேறுபாடு காட்டினார். அது தனியே ஆராய்தற்குரியது.

உயர்வுப் பன்மையைப் பற்றியும் கூறுதல் வேண்டும். விவிலியத்தின் முதல் வசனத்தில் கடவுளைக் குறிக்கும் எலோகீம் என்னும் எபிரேயப் பெயர் வடிவத்தாற் பன்மை. அது கொள்ளும் படைத்தல் வினை ஒருமை. ஐக்கிய மொழிபெயர்ப்பில் தேவன் என்னும் பெயர் ஒருமை. அது கொள்ளும் ஆர் ஈற்று முற்றுப் பலர்பால். பெயரும் வினையும் தம்முள் இடம் மாறி நிற்கின்றன! பழைய உரைகாரர் சிலர் எபிரேயப் பன்மையை மூவொருமைக்குச் சான்றாகக் காட்டினர். அஃது உயர்வும் வலிமையும் உணர்த்தும் பன்மை என்பதே இன்று எபிரேய இலக்கணத்தார் பெரும்பாலார் கொள்கை. நம் ஆர் ஈறும் அத்தகையதே. ஒருவரைப் பன்மையாற் கூறுதல் வழக்கிலுள்ள உயர்சொல், இலக்கண நெறிப்பட்டதன்று எனத் தொல்காப்பியர் வரையறுத்தார். ஒருவர் என்னும் பெயரோ, இருபாற்கும் உரியதாய், பன்மை வினையே கொள்ளும் என்பதும் அவர் கூற்று. ஆகவே கடவுள் ஒருவர் எனத் தமிழிற் கூறும்போது, எண்ணால் ஒன்றைக் கூறியும் முடிபால் பன்மையைக் கூறியும் நிற்கின்றோம். இதனை மூவொருமைக்குச் சான்றாகக் காட்டுவார் உளராயின் அது பேதைமை. ஆயினும் ஒருமை என்பது எப்போதும் தனிமை என்றே பொருள்படாது என்பதை நம் மொழி நாவில் பழக்கியிருக்கின்றது.

நான்கு நூற்றாண்டாகப் பெயர் மாறிய சமயத்தில் இவ்வினை முடிபு மாறாதிருத்தலும் கருதத்தக்கது. சர்வேசுரன் என்றவரும், தேவன் என்றவரும், கடவுள் என்றவரும் உரைநடையில் ஆர் ஈற்று முற்றையே கொடுத்தனர். எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் இத்தகைய உயர்வு வடிவம் முன்னிலையில் இல்லை. மன்னனையும் கடவுளையும் ஏவலனையும் ஒரே சொல்லால் அழைப்பர். சீகன்பால்கின் தாய்மொழியாகிய செருமானியத்தில் கடவுளை விளிக்கும் சொல், குழந்தையையும் நண்பனையும் விளிக்கும் சொல்லே. தமிழ்க் கிறித்தவ வேண்டுதல்களிலோ நீர் என்பது நிலைபெற்றது. தேவாரத்திலும் திருவாசகத்திலும் நீ என்பதே பெருவழக்கு. சுந்தரர் உரிமையோடு இடித்துக் கேட்கும் பதிகங்களில் நீர், உமக்கு என்பன வருதல் உண்டு. நீ என்பதன் நெருக்கமும் நீங்கள் என்பதன் அயன்மையும் இன்றி இடைநிற்கும் நீர் என்னும் சொல், தந்தையாகிய கடவுளை விளிக்கப் பொருத்தமாகவே அமைந்தது. நாட்டுப்புறத்து மகன் தந்தையை அழைப்பது போன்றது.

இறுதியாக, வேற்றுமை உருபு பற்றிய ஒரு நுட்பம் உளது. 375 அளவில் பெரிய பசிலியார் தூய ஆவியைக் குறித்து ஒரு நூல் எழுதினார். அதற்குக் காரணமாயிருந்தது இடைச்சொல் பற்றிய பூசல். அவர் வழிபாட்டில் தந்தைக்குப் புகழ் கூறுகையில், மகன் வழியாக, ஆவியில் என்னும் பழைய வாய்பாட்டோடு, மகனோடு, ஆவியோடு என்னும் வாய்பாட்டையும் ஆண்டார். ஓடு என்றால் மூவர்க்கும் ஒப்புமை வந்துவிடும் எனப் பகைவர் முணுமுணுத்தனர். ஒப்புமை வருதலே முறை எனப் பசிலியார் நிறுவினார். தமிழில் இவ்வாதம் நடந்திருந்தால் வேறு போக்கிற் சென்றிருக்கும். ஒருவினை கொள்ளும் ஒடு உருபு உயர்ந்ததன் பின்னர் வரும் என்பது தொல்காப்பிய விதி. அரசனொடு இளையர் வந்தார் என்பதே மரபு. அதன்படி, மகன் தந்தையோடு ஆட்சி செய்கிறார் என்றால் தந்தை உயர்ந்தவர் ஆவார். தந்தை மகனோடு என்றால் மகன் உயர்ந்தவர் ஆவார். எவ்வாறு மாற்றினும் ஒருவர் மேற்செல்வர். இக்காலப் பேச்சு வழக்கில் இவ்விதி நெகிழ்ந்து விட்டமையால், தந்தையோடும் ஆவியோடும் என முடியும் செபங்களைத் தமிழர் தடையின்றிச் சொல்லி வருகின்றனர். மூவரையும் நான்காம் வேற்றுமையில் நிறுத்தி, ஒவ்வொருவர்க்கும் எண்ணும்மை கொடுத்துப் புகழ் கூறும் பழைய வாய்பாடே இலக்கணத்தார்க்கு உவப்பானது. அங்கே உம்மை மூன்று, உருபு மூன்று. புகழ் ஒன்று, அதுவும் அஃறிணை ஒருமை.